ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்கள்?

கேள்வி: அம்மா, வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் இளைஞர் பிரிவின் செயலாளர். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விடுமுறையில் தெலுக் பஹாங் பக்கம் ஒரு விடுதியை வாடகைக்கு எடுத்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று நாள், இரண்டு இரவு நன்னெறி முகாம் நடத்துகிறோம். 8 முதல் 12 வயது வரை 60 பிள்ளைகள் வருவார்கள். கட்டணம் 80 வெள்ளி (ரிங்கிட்). பெரியவர்கள் நான்கு பேர்: தலைவர், சமையலைப் பார்த்துக்கொள்ளும் தம்பதி, அப்புறம் நான். பிள்ளைகளோடு இருப்பவர்கள் பத்து ஃபாசிகள், அதாவது குழுக்களை வழிநடத்தும் உதவியாளர்கள். அவர்களில் ஆறு பேர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, 5 படிக்கும் 16, 17 வயது மாணவர்கள். மற்ற நால்வரும் 18 முதல் 20 வயதுக்காரர்கள். சென்ற முகாமில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நள்ளிரவில் கழிவறைக்குப் போய், தாழ்ப்பாள் சிக்கி உள்ளேயே மாட்டிக்கொண்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய அம்மா புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டார். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த படிவம் 5 பையன் தூங்கிவிட்டான் என்று சொல்லித் தலைவர் அவனை முகாமிலிருந்தே நிறுத்திவிட்டார். 'ஒன்றும் ஆகவில்லையே, எல்லாம் நம் பிள்ளைகள்தானே' என்கிறார். இந்த ஆண்டு அவருடைய நண்பரான ஒரு தன்முனைப்புப் (மோட்டிவேஷன்) பேச்சாளர் ஆண் பிள்ளைகளோடு தங்கி, தனித்தனியாக ஆலோசனையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறுபது பிள்ளைகளுக்கு எத்தனை பேர் இருந்தால் போதும்? இந்தப் பேச்சாளர் விஷயத்தில் நான் என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு, வணக்கம்.

தாழ்ப்பாள் எந்தக் கட்டடத்திலும் சிக்கும். எனக்கு உறுத்துவது வேறு. ஒன்பது வயதுப் பையன் படுக்கையில் இல்லை என்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்குமே தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்த விடுதியில் உங்களையும் சேர்த்துப் பதினான்கு பொறுப்பாளர்கள் இருந்தீர்கள். பதினான்கு பேரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். 'இன்றிரவு இந்த நேரம் வரைக்கும் நீ விழித்திருக்க வேண்டும்' என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளை இந்த நேரத்தில் யார் கண்பார்வையில் இருக்கிறான்? முகாமின் எந்த மணிக்கும், எந்தப் பிள்ளைக்கும், இதற்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிய வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்' என்பது பதில் ஆகாது.

முதலில் அந்தப் படிவம் 5 பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலை யோகாவுக்காக ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பான். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு ஓடியிருப்பான். பிள்ளைகள் படுத்த பிறகு ஃபாசிகளுக்கு அன்று நடந்ததை அலசும் 'போஸ்ட்மார்ட்டம்' கூட்டம் என்று ஒன்று நடக்குமே, நம் முகாம்களில் அது ஒரு மணிக்கு முன்னால் முடிவதில்லை. பதினேழு வயதுப் பையன் அதற்குப் பிறகும் விழித்திருப்பான் என்று எதிர்பார்த்தது யார் தவறு? நம் நாட்டுச் சிறார் சட்டத்தில் 18 வயது நிறையாத எவரும் சிறார்தான். உங்களுடைய பத்து ஃபாசிகளில் ஆறு பேர், சட்டப்படி, நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகள். அவர்களிடம் இன்னும் சிறிய பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் படுக்கப் போனதுதான் நடந்த பிழை. அவனை நேரில் பார்த்து, தவறு உன்னுடையது இல்லை என்று சொல்லி மறுபடியும் கூப்பிடுங்கள். ஒருவன் சேவை செய்ய வந்த இடத்தில் பழி சுமந்து போகக்கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். காகிதத்தில் பார்த்தால் அறுபதுக்குப் பதினான்கு. நான்கு பிள்ளைக்கு ஒருவர், பிரமாதம். ஆனால் சமையல் தம்பதி அடுப்படியை விட்டு வர முடியாது. தலைவர் விருந்தினரை வரவேற்பார், போன் பேசுவார், பஸ்காரரிடம் கணக்குப் பார்ப்பார். நீங்கள் செயலாளர், பதிவு, மருந்து, மைக், தொலைந்த செருப்பு எல்லாம் உங்கள் தலையில். ஆக, நான்கு பெரியவர்களில் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர்கூட மிச்சமில்லை. ஆறு மாணவர்களைக் கழித்தால் கையில் இருப்பது நான்கு பேர். அறுபதுக்கு நான்கு, அதாவது பதினைந்து பிள்ளைக்கு ஒருவர். உங்கள் முகாமின் உண்மையான கணக்கு இதுதான்.

கோடை முகாம் என்பது அமெரிக்காவில் நூறாண்டு கடந்த வழக்கம். அங்குள்ள அமெரிக்க முகாம் சங்கம் ஓர் அளவு வைத்திருக்கிறது: இரவு தங்கும் முகாமில் 6 முதல் 8 வயதுக்கு, ஆறு பிள்ளைக்கு ஒருவர், 9 முதல் 14 வயதுக்கு, எட்டுப் பிள்ளைக்கு ஒருவர். அதுவும் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருப்பவர்களை மட்டுமே எண்ண வேண்டும். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேராவது 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். நம் நாட்டில் குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கு இப்படிச் சட்டமே உண்டு: ஒரு வயது வரை மூன்று பிள்ளைக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்துக்கு ஒருவர், அதற்கு மேல் நான்கு வயது வரை பத்துக்கு ஒருவர். அந்தச் சட்டம் நான்கு வயதோடு நின்றுவிடுகிறது. உங்கள் முகாமுக்கு வராது. ஆனால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆவது பிரிவு இருக்கிறது. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், நியாயமான கண்காணிப்புக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டுப்போனால் 20,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 'நம் பிள்ளைகள்தானே' என்ற பேச்சை நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருக்காது.

என் ஆலோசனை, இந்த ஆண்டு 36 பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும்தான். எங்கேயும் போக வழியில்லாத தோட்டத்து, அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உங்கள் முகாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 36 என்றால் ஆறு ஆறாக ஆறு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 18 வயது நிறைந்த ஒரு தலைவர், அவருக்கு உதவியாக ஒரு படிவம் 4 அல்லது 5 மாணவர். 18 வயது நிறைந்த நான்கு ஃபாசிகள் உங்களிடம் இருக்கிறார்கள். இன்னும் இருவர் போதும். புக்கிட் மெர்தாஜாமில் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது, பினாங்குத் தீவில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகளின் குழுவுக்குப் பெண்கள்தான் தலைவர்கள். எந்தக் குழுவும் கையில் இல்லாத ஒரு பெரியவர் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கிளினிக்குக்கு அழைத்துப் போவதென்றால் அவர்தான் போவார், குழுத் தலைவர் அல்ல. முதலுதவி தெரிந்த ஒருவரும் வேண்டும். செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் அம்புலன்ஸிலோ பயிற்சி பெற்றவர் உங்கள் கோயில் வட்டாரத்திலேயே யாராவது இருப்பார். இந்த ஏற்பாட்டோடு அறுபது பிள்ளைகள் வேண்டுமென்றால் பத்துத் தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு நடத்துங்கள்.

பகலில் குழு குழுவாக இருக்கும்போது பெரும்பாலும் பிரச்சினை வராது. ஒரு நடவடிக்கை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில்தான் பிள்ளை காணாமல் போகும். மண்டபத்திலிருந்து சாப்பாட்டுக்குப் போகும்போது, குளிக்கப் போகும்போது, பஸ் ஏறும்போது. குழுத் தலைவர் ஒவ்வொருவரிடமும் தன் ஆறு பிள்ளைகளின் பெயர் எழுதிய ஓர் அட்டை இருக்கட்டும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். வெறும் தலையை எண்ணினால் பக்கத்துக் குழுப் பிள்ளை ஒருவன் நடுவில் நின்று கணக்கைச் சரியாக்கிவிடுவான். அலர்ஜி, ஆஸ்துமா, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் எல்லாம் அந்தத் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பிள்ளைகள் வாய் திறந்து சொல்லாத விஷயம். பதிவு படிவத்தில் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி இரவு. விளக்கணைப்பது பத்தரைக்கு. ஃபாசிகளின் கூட்டம் பதினொன்றைத் தாண்டக் கூடாது. பகலில் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் தூங்கியே ஆக வேண்டும். இரவுக் காவலுக்கு வேறு ஆட்கள் வேண்டும். பெற்றோரைக் கேளுங்கள். ஓர் இரவுக்கு நான்கு பேர்: பத்தரையிலிருந்து இரண்டு மணி வரை ஓர் ஆண், ஒரு பெண், இரண்டிலிருந்து ஐந்தரை வரை அதேபோல் இருவர். வேலை முடிந்து பாலம் தாண்டி வந்து, விடிந்ததும் திரும்பிப் போகலாம். அறைக்குள் போக வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, வராந்தாவில் நாற்காலி போட்டு, விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் இன்னொருவர் கண்ணுக்குத் தெரியும்படி உட்கார வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டிய பிள்ளை பக்கத்தில் படுத்திருக்கும் தோழனை எழுப்பி, இருவருமாகக் காவலரிடம் வந்து சொல்ல வேண்டும். காவலர் கழிவறை வாசல்வரை கூடப் போய் வெளியே நிற்பார். பிள்ளைகள் திரும்பிப் படுத்ததும் நோட்டில் நேரம் எழுதுவார். முதல் நாள் மாலையே, வெளிச்சம் இருக்கும்போது, பிள்ளைகளை ஒருமுறை அந்த வழியில் நடத்திக் காட்டுங்கள். அப்போதே எல்லாத் தாழ்ப்பாளையும் நீங்கள் திறந்து மூடிப் பாருங்கள்.

பேச்சாளர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, மூடிய கதவு, இந்த மூன்றும் உங்கள் முகாமில் ஒருபோதும் ஒன்றுசேரக் கூடாது. இது அவருக்காகப் போட்ட விதி அல்ல. தலைவருக்கும், உங்களுக்கும், சாமியாரே வந்தாலும் அவருக்கும் இதே விதிதான். பிள்ளை அழுகிறது, தனியாகப் பேச வேண்டும் என்றால், மண்டபத்து ஓரத்தில், மற்றவர் பார்வை படும் இடத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து பேசலாம். அவர் மேடையில் பேசட்டும், பிள்ளைகளோடு சாப்பிடட்டும், ராத்திரி வீட்டுக்குப் போகட்டும். அறையில் தங்குவதும் தனித்தனி ஆலோசனையும் வேண்டாம். இந்த விதியைக் கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டால், அவரை அழைக்காமல் இருப்பதே நல்லது.

முகாமுக்கு வரும் பெரியவர்கள் எல்லாரையும் சரிபார்க்க வேண்டும், இரவுக் காவலுக்கு வரும் பெற்றோர் உட்பட. சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு ஒன்று சமூக நலத்துறையிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவர் பெயர் அதில் உள்ளதா என்று சரிபார்க்க 2019 முதல் ஈ-டிகேகே என்ற முறை நடைமுறையில் இருக்கிறது. எப்படி விண்ணப்பிப்பது என்று உங்கள் வட்டாரச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் அதில் வருவது தண்டனை பெற்றவர்களின் பெயர் மட்டும்தான். பெயர் இல்லை என்பதாலேயே ஆளை நம்பிவிட முடியாது. அவர் முன்பு பிள்ளைகளோடு வேலை செய்த இரண்டு இடங்களுக்குப் போன் போட்டு, 'உங்கள் பிள்ளையை மறுபடி இவரிடம் விடுவீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இதை யாரும் அவமானமாக நினைக்காமல் இருக்க ஒரு வழி உண்டு: முதல் படிவத்தைத் தலைவர் பூர்த்தி செய்யட்டும், இரண்டாவதை நீங்கள்.

2017ஆம் ஆண்டு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தைப் பற்றியும் ஃபாசிகளுக்கு ஒரு மணி நேரம் விளக்குங்கள். பாலியல் நோக்கத்தோடு பிள்ளையிடம் பேசிப் பழகி வசப்படுத்துவதே அந்தச் சட்டத்தில் குற்றம். ஆசிரியர், விடுதி வார்டன், பயிற்றுநர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. பல நேரம் இது முகாமில் நடப்பதில்லை. முகாம் முடிந்து, 'அண்ணாவோட நம்பர் வச்சுக்கோ' என்பதில் தொடங்குகிறது. ஆகவே ஃபாசிகள் பிள்ளைகளோடு தனியாகப் புலனத்திலோ டிக்டாக்கிலோ தொடர்பு வைக்கக் கூடாது. பேச வேண்டுமானால் பெற்றோர் இருக்கும் குழுவில் பேசலாம். படம் எடுப்பது ஒரே ஒரு கைப்பேசியில், குளிக்கும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் அந்தக் கைப்பேசி போகக் கூடாது.

ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் குடைந்து குடைந்து விசாரிக்காதீர்கள். கேளுங்கள், அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், அன்றே சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். அரசின் உதவித் தொலைபேசி எண்ணான தாலியான் காசே 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் 999. பணம் வாங்கிக்கொண்டு, எவ்வளவு குறைந்த காலத்துக்கானாலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குத் துன்புறுத்தல் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் தெரிவிக்கும் கடமையைச் சிறார் சட்டம் வைத்திருக்கிறது. நீங்கள் 80 வெள்ளி வாங்குகிறீர்கள். ஆகவே அந்தக் கடமை உங்களுக்கும் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் குற்றத்தை அறிந்தும் சொல்லாமல் இருந்தால் 2017 சட்டப்படி 5,000 வெள்ளி வரை அபராதம். 'கோயில் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தங்கையே. அந்தப் பேச்சால் எத்தனை பிள்ளைகள் வாய் மூடிப் போயிருக்கிறார்கள் என்பது பிள்ளைகள் நலப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கடைசி இரவு மெழுகுவத்தி ஏற்றி, சோகமான இசை போட்டு, பெற்றோரின் தியாகத்தைச் சொல்லிப் பிள்ளைகளை அழவைக்கும் அங்கம் உங்கள் முகாமிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். அறை இருட்டில் இருக்கும், பிள்ளைகள் விம்முவார்கள், பேச்சாளர் குரலை உயர்த்திக்கொண்டே போவார். அந்த வரிசையில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை இருக்கும். தினமும் அடி வாங்கும் பிள்ளையும் இருக்கும். 'அம்மா அப்பாவைத் தெய்வமாக நினை' என்ற பேச்சு அந்தப் பிள்ளைக்குள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு பிள்ளை, அழுகை அடங்காமல் மூச்சு வாங்கி, பாயின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த ஃபாசியும் அழுதுகொண்டிருந்தாள், கவனிக்க யாருமில்லை. என்னைக் கேட்டால் அந்த அங்கத்தை எடுத்துவிடுங்கள். கண்ணைக் கட்டிக் காட்டுப் பாதையில் நடத்தும் இரவு நடையையும் எடுத்துவிடுங்கள். பயமுறுத்தினால் தைரியம் வரும் என்பதை நான் ஏற்பதில்லை. பெற்றோருக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால், பகலில் ஆளுக்கொரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அம்மா அப்பாவுக்குத்தான் என்றில்லாமல், தனக்குப் பிடித்த யாருக்கு வேண்டுமானாலும்.

தெலுக் பஹாங் என்பதால் தண்ணீர் பற்றி. இந்த முறை கடலும் வேண்டாம், அருவியும் வேண்டாம். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லி மீன் இருக்கிறது. மலையில் பெய்யும் மழை, கீழே வெயிலடிக்கும்போதே ஆற்றில் வெள்ளமாகத் திரண்டு வரும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் தனியாக இல்லாமல், ஃபாசிகள் கரையில் நின்று பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. 1993 ஜூலை 29 அன்று கம்பார் அருகே கோலா டிப்பாங்கில், முகாமுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் 22 பேர் தொங்குபாலம் இடிந்து ஆற்றில் விழுந்து மாண்டதை உங்கள் தலைவர் மறந்திருக்க மாட்டார். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலி நிலச்சரிவில் முகாமிட்டிருந்த 31 பேர் மாண்டார்கள். உரிமம் இல்லாமல் நடந்த முகாம் தளம் அது. ஆகவே நீங்கள் எடுக்கும் விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் முகாம் தேதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசி நாள் பிள்ளையை அழைத்துப் போக வருபவர் பெயர் படிவத்தில் இருக்க வேண்டும், கையொப்பம் போட வேண்டும். மாமா என்று சொல்லி யார் வந்தாலும், பெயர் இல்லையென்றால் அம்மாவுக்குப் போன் போடாமல் பிள்ளையை விடாதீர்கள்.

இனி உங்கள் தலைவர். அவரை எதிர்த்து நிற்பதுபோல் போகாதீர்கள். பல ஆண்டு இதைத் தூக்கிச் சுமந்தவர் அவர். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று நாளையும் மணி மணியாகப் பிரித்து, ஒவ்வொரு மணிக்கும் எதிரே எந்தக் குழு யார் பொறுப்பில் என்று பெயர் எழுதுங்கள். சென்ற ஆண்டு நடந்ததை ஒரு தாளிலும், இந்த ஆண்டுக்கு நீங்கள் திட்டமிடுவதை இன்னொரு தாளிலும் எழுதி, இரண்டையும் அவர் முன் வையுங்கள். சென்ற ஆண்டுத் தாளில் இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள் காலியாக இருப்பதை அவரே பார்ப்பார். அந்தப் பையனின் அம்மாவையும் கூட்டத்துக்கு அழையுங்கள். கேள்வி கேட்கும் தாய்தான் உங்கள் முதல் இரவுக் காவலுக்கு ஏற்றவர். கூட்டம் முடிந்ததும் அந்த அட்டவணையை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.